கோழிச் சாவுக்கும் தலைக்குத் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் கோழி செத்தாலும் துக்கம் விசாரிக்கப் போவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியில் திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, சோளமும் கடலையும் விளைந்த காடுகளில், ஓடு வேய்ந்த நீளமான கோழிச் செட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பின. மாடு கன்றுக்கு அடுத்தபடியாகக் கோழியும் குடும்பச் சொத்தாகிவிட்டது. ஒருவர் பண்ணையில் கொத்துக் கொத்தாகக் கோழி விழுந்தால், சொந்தக்காரர்கள் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். போகாமல் இருந்தால், "நாங்க நாசமாப் போனப்ப எட்டிப் பாத்தானா அவன்?" என்ற கேள்வி பேரப்பிள்ளைகள் கல்யாணம் வரைக்கும் நிற்கும்.

போகிறவர்கள் வாசலோடு நின்றால்கூடப் பரவாயில்லை. நேராகச் செட்டுக்குள் போவார்கள். செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "அடடா, முட்டை வைக்கிற நேரத்துல இப்புடி ஆயிப்போச்சே" என்று உச்சுக்கொட்டுவார்கள். கீழே பரப்பியிருக்கும் உமியைக் காலால் கிளறுவார்கள். பிறகு காப்பி குடித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். திரும்பியதும் முதல் வேலையாக, நம் கோழியாவது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அதே செருப்போடு சொந்தச் செட்டுக்குள் நுழைவார்கள். அடுத்த வாரம் இவர்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆள் வரும்.

இந்த ஊர்வலம் எங்கள் வீட்டை நெருங்கியபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். நாக்பூர், கல்கத்தா என்று போனால் போனதுதான். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருப்பார். அதிலும் பாதி நேரம் தூங்குவார். லாரியை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் நச்சரித்தேன். "எறங்கி வந்து என்ன பண்றது? மழை வருமான்னு மானத்தைப் பாத்துட்டு ஒக்காந்திருக்கவா?" என்றார். மழையை நம்பிக் காடு, காட்டை நம்பி நாங்கள் என்ற நிலைமை அப்போது. கோழி வளர்க்கலாம் என்றேன். சரி, கோழி முட்டை வைக்கட்டும், அன்றைக்கே லாரியை விட்டு இறங்கிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது சிரித்தார். கோழி அவ்வளவு தூரம் பிழைத்து வராது என்பதில் மனுஷனுக்கு அத்தனை நம்பிக்கை.

ஆக, எங்கள் செட்டில் இருந்த ஐந்நூறு வெடைக்கோழிகளும், அதாவது இன்னும் முட்டை வைக்கத் தொடங்காத இளங்கோழிகளும், எனக்கு வெறும் கோழிகளாகத் தெரியவில்லை. புருஷனை வீட்டுக்குக் கூட்டிவரப் போகிற கூட்டமாகத் தெரிந்தன. அதுகள் தும்மினால் ராத்திரியானாலும் விளக்கோடு செட்டுக்கு ஓடினேன்.

அந்தச் சமயத்தில்தான் மல்லசமுத்திரத்திலிருந்து செய்தி வந்தது. என் மாமியாருக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் அங்கே இருந்தார். எனக்குப் பெரியப்பா முறை. அவர் பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் விழுந்துவிட்டது. கோழிகள் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. பிழைத்த சில கழுத்து முறுக்கி வானத்தைப் பார்த்தன. என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை செய்தி கேட்ட அரை மணி நேரத்தில் வெள்ளைச் சேலை கட்டி, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிவிட்டார்.

"அத்தை, போகாதீங்க. அந்தக் கிருமி உங்ககூடவே வந்துருமுங்க."

"என்ற அண்ணன் கோழி செத்துக் கெடக்குது, நான் இங்க குத்தவெச்சு ஒக்காந்திருக்கட்டுமா? நல்ல கதை."

நான் சேலத்தில் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு புகுந்த வீட்டில் நான் செய்த ஒரே காரியம், தவளைக்கு இதயத்தில் மூன்று அறை என்று சொல்லி அத்தையிடம் "அப்ப அது நம்ம ஊட்டைவிடப் பெருசு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். இருந்தாலும் அன்றைக்கு விடவில்லை. கிருமி கோழிக்குள் எப்படி நுழைகிறது என்று அவரை உட்கார வைத்துச் சொன்னேன்.

"காத்துல தூசியோட மூக்குக்குள்ள போகுமுங்க. இல்லீன்னா தண்ணியில, தீவனத்துல வாய்க்குள்ள போகும். தொண்டைக்குள்ள பொடிப் பொடியா முடி இருக்குது, அது கூட்டிக் கூட்டி வெளிய தள்ளும். அதையும் தாண்டிப் போயிருச்சுன்னா, உள்ள செல்லு செல்லா இருக்குதுங்களே, அதுல ஒண்ணுத்து மேல போய் ஒட்டிக்கும்."

"ஒட்டுனா? தட்டி விட்டாப் போச்சு."

"தட்ட முடியாதுங்க. செல்லு மேல சர்க்கரை மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். கிருமிகிட்ட அதைப் புடிக்கறதுக்குன்னே ஒரு கை இருக்குது. புடிச்சதும் செல்லோட தோலும் கிருமியோட தோலும் ஒண்ணாக் கலந்துரும். கிருமி உள்ள போயிரும்."

அத்தை யோசித்தார். "அழைக்காத ஊட்டுக்குள்ள அது எப்புடிப் போகும்?"

"ஊட்டுக்காரங்களே கதவைத் தொறந்து உட்டுருவாங்க அத்தை. சொந்தக்காரன் மாதிரி முறை சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் அது வரும். உள்ள போயி சமையல்கட்டைப் புடிச்சுக்கும். அந்த ஊட்டு அரிசி, அந்த ஊட்டு அடுப்பு, சமைக்கறது மட்டும் அதோட பிள்ளைங்களை. ஆயிரம் பிள்ளை வெளிய வந்து அடுத்த ஊட்டுக் கதவைத் தட்டும்."

"உங்க அம்மா ஊட்டுல இருந்து போன பொங்கலுக்கு வந்தாங்களே, அப்புடியா?" என்றார் அத்தை. சொல்லிவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

என்னுடைய விஞ்ஞானம் அவ்வளவுதான். அத்தை போன பிறகு நான் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பதறினேன். குஞ்சாக வந்தபோது மூக்கில் சொட்டு மருந்து விட்டிருந்தோம். அதன் பலம் இந்நேரம் தேய்ந்திருக்கும். இறக்கைக்கு அடியில் போட வேண்டிய ஊசி இன்னும் போடவில்லை. ஊசி போட்டாலும் அன்றைக்கே பலன் வராது. மருந்தில் இருக்கும் சாதுவான கிருமியைப் பார்த்து உடம்பு பழகி, நிஜமான கிருமி வந்தால் கதவைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும். அதுவரை என் கோழிகள் அத்தனையும் வாசலைத் திறந்து போட்ட வீடுகள். அந்த வாசலுக்கு வரும் கிருமியை அத்தை செருப்பிலும் சேலைக் கரையிலும் கொண்டு வரப் போகிறார்.

யோசித்து யோசித்து ஒன்று தோன்றியது. விலங்கியலில் இல்லாதது. வாசலை அடைக்கும் மூங்கில் படலுக்கு வெளியே இருந்த கிணற்றடியில் இரண்டு அண்டா நிறையத் தண்ணீர் சேந்தி வைத்தேன். சீயக்காய், மாற்றுச் சேலை, சலவைச் சோடா கரைத்த ஒரு குண்டா, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, படலைச் சாத்திக்கொண்டு நின்றேன். சாயங்காலம் அத்தை வந்தார்.

"தொறடி கண்ணு, கால் வலிக்குது."

"அத்தை, எழவு ஊட்டுக்குப் போயிட்டுத் தலைக்கு ஊத்தாம உள்ள வரலாமுங்களா?"

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். தீட்டு விஷயத்தில் அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. பக்கத்து ஊரில் யாரோ செத்ததற்கு எட்ட நின்று தலையாட்டிவிட்டு வந்த தபால்காரரையே, கடிதத்தைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னவர்.

"இது கோழி எழவு புள்ள."

"கோழி எழவு எழவு இல்லீங்களா? அப்புறம் என்னத்துக்கு வெள்ளைச் சேலை கட்டிட்டுப் போனீங்க?"

எழவு இல்லை என்றால் போனது வீண். எழவுதான் என்றால் குளித்தாக வேண்டும். என் மாமியாரை நான் மடக்கியது அந்த இரண்டு வருஷத்தில் அது ஒன்றுதான். அந்தச் சுகத்தை இன்றைக்கும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றினார். சேலையைச் சோடாத் தண்ணீரில் நானே அமுக்கினேன். செருப்பு அதே குண்டாவில் நாள் முழுக்க ஊறி, பிறகு எந்தக் காலுக்கும் ஆகாமல் போனது.

நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், அத்தைக்கு அது பிடித்துப்போய்விட்டது. தான் ஒருத்தி மட்டும் குளித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாளிலிருந்து வந்தவர் போனவர் எல்லாரையும் படலுக்கு வெளியே நிறுத்தினார். "கோழி செத்த ஊட்டுக்குப் போனீங்களா? போயிருந்தாத் தீட்டு. தலைக்கு ஊத்துனாத்தான் உள்ள." தீவன மூட்டை இறக்க வந்தவர் குளித்தார். பால் ஊற்றப் போகும் வழியில் சும்மா எட்டிப் பார்த்தவரும் குளித்தார். எங்கள் கிணற்றடி முடி இறக்கும் கோயில் மாதிரி ஆகிவிட்டது. சர்க்கரை, கை, தோல் என்று நான் தொண்டை வறளச் சொன்னதைக் கேட்காதவர்கள், தீட்டு என்று ஒரு வார்த்தை சொன்னதும் பேசாமல் சட்டையைக் கழற்றினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

இதற்கிடையில் நான் நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போய், பனிக்கட்டி போட்ட பிளாஸ்க்கில் ஊசி மருந்து வாங்கி வந்தேன். ஊசி போடுகிறவர் ஊர் ஊராகப் பண்ணை பண்ணையாகப் போய் வருகிறவர். அவரை உள்ளே விடவே மனசில்லை. நானே போட்டேன். அத்தை கோழியைப் பிடிக்க, நான் இறக்கையைத் தூக்கிக் குத்த, கடைசிக் கோழி முடிவதற்குள் இருவர் கையிலும் கீறல் இல்லாத இடமில்லை.

ஊசி போட்ட மூன்றாம் நாள், மல்லசமுத்திரத்துப் பெரியப்பாவே வந்து இறங்கினார். துக்கம் விசாரித்த தங்கச்சி வீட்டுக்குப் பதிலுக்கு வந்துபோக வேண்டும் இல்லையா? கையில் ஒரு கூடை. கூடைக்குள் கோழி.

"தப்பிச்சது இதுக மட்டுந்தான் சாமி. எங்க ஊட்டுல இருந்தா இதுகளும் போயிரும். தங்கச்சி ஊட்டுல நல்லாருக்கட்டும்னு கொண்டாந்தேன்."

நான் படலின் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண் செக்கச் சிவந்திருந்தது. படலோரம் நின்ற பக்கத்துக் காட்டுக்காரர், "பாவம், அழுது அழுது கண்ணே செவந்து போச்சு" என்றார். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். சிவந்திருந்தது வலது கண் மட்டும். ஒற்றைக் கண்ணால் அழுகிற மனுஷரை நான் பார்த்ததில்லை. கோழிக்கு உயிரை எடுக்கும் இந்தக் கிருமி, மனுஷனுக்குள் வந்தால் அநேகமாகக் கண்ணோடு நின்றுவிடும். செத்த கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் இப்படிச் சிவக்கும் என்று படித்திருந்தேன். பெரியப்பா துக்கத்தைக் கண்ணிலேயே கொண்டு வந்திருந்தார்.

தங்கச்சிக்கு அண்ணன் ஆசையாகக் கொண்டு வந்த சீரைத் திருப்பி அனுப்ப எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

"அண்ணன் வந்திருக்குது, வெறுஞ்சோறா போடறது?" என்றார் அத்தை. "இன்னிக்கே அடிச்சுக் கொழம்பு வெச்சுரு."

மாமியார் என்றால் அவர் மாமியார். செட்டுக்குக் காற்று போகாத திசையில், தோட்டத்தின் கடைசிப் புளியமரத்தடியில் காரியம் நடந்தது. இறகையும் குடலையும் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். குழம்பு தேவைக்கு மேலேயே கொதித்தது. பெரியப்பா குளித்துவிட்டு, என் வீட்டுக்காரரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு புளியமரத்தடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். நல்லாருக்கட்டும் என்று கொண்டு வந்த கோழி இலைக்கு வந்ததில் முதலில் கொஞ்சம் முகம் வாடியது. இரண்டாவது கரண்டிக்கு எல்லாம் சரியாகிவிட்டது. "நல்லாத்தான் இருக்குது" என்றார். நானும் அத்தையும் அங்கிருந்தே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் செட்டுப் பக்கம் வந்தோம்.

அடுத்த நாள் கோழிகள் சுருண்டன. இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூலை மூலையாக நின்றன. தீவனம் அப்படியே கிடந்தது. இந்த ஊசி போட்டால் சில நாள் சோர்வு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நோயும் சோர்வில்தான் தொடங்கும். இது மருந்தா, பெரியப்பாவா என்று கண்டுபிடிக்க வழியில்லை. செட்டுக்குள் நடந்து நடந்து ஒவ்வொன்றின் மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் லாரிச் சத்தம் கேட்டது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது அவரைப் பார்த்து. ஓடிப்போய்ப் படலில் கை வைத்தேன். வண்டிக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கோழி எரு மூட்டைகள். வாடை வாசல் வரை அடித்தது.

"வர்ற வழியில மாமன் ஊட்டுக்குப் போயி துக்கம் கேட்டுட்டு வாரேன். பாவம், செட்டைக் காலி பண்ண ஆளில்லாம தவிச்சாரு. நானே எருவையெல்லாம் அள்ளி வண்டியில போட்டுட்டேன். நம்ம காட்டுக்கு ஆகுமில்ல?" என்று பெருமையாகச் சொன்னார்.

கை, கால், தலைமுடி, லாரி டயர், எல்லாவற்றிலும் மல்லசமுத்திரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன்: "உள்ள வராதீங்க."

"ஏம்புள்ள, கண்ணுக்குத் தெரியாததுக்குப் பயந்துட்டு, கண்ணு முன்னால நிக்கிற புருசனை வெளிய நிறுத்தறயா?"

அவர் வர வேண்டும் என்றுதானே இந்தக் கூத்தெல்லாம். முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போய், ராத்தூக்கம் இல்லாத கண்ணோடு நின்றார். குளித்தால் போதாதா என்று ஒரு மனசு சொன்னது. லாரியை எங்கே குளிப்பாட்டுவது என்று இன்னொரு மனசு கேட்டது. என் கை தன்பாட்டுக்குப் படலின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியது. இந்தக் கோழிகள் செத்தே ஒழியட்டும் என்று அந்த ஒரு நிமிஷம் நான் நினைத்தேன்.

"கைய எட்றி." அத்தை பின்னால் வந்து நின்றார். மகனைப் பார்த்துச் சொன்னார்: "வண்டியத் திருப்பு. எருவைக் கொண்டுபோயி ஊருக்கு வெளிய குழியில கொட்டி மூடு. கோழி தெளியற வரைக்கும் இந்தப் பக்கம் வராத."

"அம்மா, நான் உன்ற மகன்."

"அதுக்குத்தான் சொல்றேன். சொந்தக்காரன் மாதிரியே முறை சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் அது உள்ள வருமாம். உம்பொண்டாட்டி சொன்னா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். படலுக்கு மேலே சோற்றுத் தூக்கை நீட்டினேன். வாங்காமல் வண்டியில் ஏறினார். கோபத்தில் கியரைப் போட்ட சத்தம் ஊர்க்கோடி வரை கேட்டிருக்கும். அன்றைக்கே வேறு லோடு பிடித்து வடக்கே போய்விட்டார் என்று மறுநாள் தெரிந்தது. நான் இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை. அத்தையும் என்னோடு பேசவில்லை. ஆனால் படலை விட்டு நகரவும் இல்லை.

கோழிகள் சுருண்ட நாலாம் நாள் காலையில் ஒரு கோழி இறக்கையை உதறிவிட்டு இன்னொன்றின் தீவனத்தைப் பறித்துத் தின்றது. பிறகு செட்டு முழுக்கச் சண்டை. அந்தக் கொக்கரிப்பைக் கேட்டு நான் கோழிகளுக்கு நடுவில் உமியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுற்றுவட்டாரத்தில் அந்த வருஷம் எத்தனையோ செட்டுகள் வெறுமையாக நின்றன. தீட்டுத்தண்ணீர் காப்பாற்றியதா, ஊசி காப்பாற்றியதா, காற்று எங்கள் பக்கம் அடிக்காததா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அத்தைக்கு உறுதியாகத் தெரியும். தலைக்கு ஊற்றியதுதான் என்று கடைசி வரைக்கும் சொன்னார்.

மாரி மழை பிடித்த சமயத்தில் முட்டை வந்தது. முதலில் புறா முட்டை அளவில் ஒன்றிரண்டு, பிறகு கூடைக் கணக்கில். அத்தை லாரி ஆபீஸ் மூலமாக மகனுக்குச் சொல்லி அனுப்பினார். நான் சொல்லி அனுப்பவில்லை. வாக்கை ஞாபகப்படுத்துகிற தைரியம் எனக்கு இல்லை. லாரிச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் தினமும் காது வைத்திருந்தேன்.

லாரி வரவேயில்லை. ஒரு நாள் காலையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஓர் ஆள் படுக்கைச் சுருட்டையும் தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வண்டித்தடத்தில் நடந்து வந்தார். கிட்டத்தில் வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. லாரியில் வந்தால் திரும்பிப் போகிறவர். பெட்டியோடு நடந்து வந்தால் வந்துவிட்டவர்.

என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"ஏனுங்க, வர்ற வழியில யாரு பண்ணைக்காச்சும் போனீங்களா?"

அவர் பெட்டியைப் படலுக்கு வெளியே வைத்தார். சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டுவிட்டுக் கிணற்றடியைப் பார்த்து நடந்தார். அன்றைக்கு நான்தான் தண்ணீர் சேந்தி அவர் தலைக்கு ஊற்றினேன்.